உதைப்புக் குறைந்த ரவை

4 யூன், செவ்வாய்

வேலை முடிந்த கையோடு ஹால்வாரின் பட்டறைக்குப் போனேன். துவக்குச் செய்து கொடுப்பதும் திருத்துவதும் அவன் தொழில். ஐம்பது கிலோமீற்றருக்குள் அவனை விட்டால் வேறு ஆள் இல்லை. என் துவக்கின் மரப்பிடி தயார். இடது தோளுக்கு ஏற்றபடி வெட்டியிருக்கிறான். முன்பக்கத்தில் என் வலது உள்ளங்கை போய் உட்கார ஒரு குழியும் தோண்டியிருக்கிறான். பெருவிரலும் சுட்டுவிரலும் இல்லாத கைக்கு அது பெரிய உபகாரம். அந்த இரண்டையும் இரண்டு வருடத்துக்கு முன் மீன் தொழிற்சாலை மெஷின் எடுத்துக்கொண்டது.

ஒவ்வொரு வெடிக்கும் போல்ட்டைத் தூக்கி இழுத்துத் தள்ளுகிற றைபிள் இனி இந்தக் கைக்குச் சரிவராது. அதனால்தான் அரைத் தானியங்கி. விசையை அழுத்தினால் போதும், அடுத்த ரவை தானாக ஏறி நிற்கும். டொக்டரின் கடிதத்தோடு போயும் பொலிஸ் அனுமதிக்கு ஐந்து மாதம் பிடித்தது. இனிக் குழல்தான் பாக்கி. எந்த ரவை என்று நான் சொன்னால்தான் அதற்கேற்ற குழலுக்கு ஓடர் கொடுக்கலாம். பதினைந்து நாள் தவணை தந்திருக்கிறான்.

எங்கள் வேட்டைக் குழுத் தலைவன் தூர்கெய்ர். போன வருடம் ஏழாம் நிலையை எனக்காக வெறுமையாக விட்டு வைத்தான். "இந்த வருசமும் வெறுமையா விடேலாது, தர்மா. நீ வராட்டி வேற ஆளைப் போடுவன்" என்று ஈஸ்டருக்கே சொல்லிவிட்டான். (அவர்கள் பேசுவது நொஸ்க், நோர்வே நாட்டு மொழி. என் காதுக்குள் அது எங்கள் தமிழாக மாறித்தான் விழுகிறது, அப்படியே எழுதுகிறேன்.)

நிலை என்பது மலையடிவாரத்தில் ஒருவன் துவக்கோடு காத்து நிற்கும் இடம். மற்றவர்கள் நாயோடு காட்டுக்குள் நடந்து எல்க்கைக் கலைத்துவிடுவார்கள். எல்க் மான்தான், ஆனால் குதிரையை விட உயரம். பன்னிரண்டு வருடம் நான் நாய்க்குப் பின்னால் சேற்றில் நடந்தவன். அதற்குப் பிறகு கிடைத்தது ஏழாம் நிலை. இலங்கையில் இருந்து வந்தவன் துவக்கோடு பிறந்தவன் என்று இங்கே எல்லோருக்கும் ஒரு எண்ணம். நான் வந்தது பத்தொன்பது வயதில், படிக்க. வாழ்க்கையில் தொட்ட முதல் துவக்கே நோர்வேத் துவக்குத்தான். இந்த ஊரில் தொழிற்சாலைக்கு வெளியே எனக்கென்று ஒரு இடம் இருக்குமென்றால் அது அந்த ஏழாம் நிலை. அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

6 யூன், வியாழன்

கோப்பை ஒன்று உடைந்தது. தேத்தண்ணி சூடு. அதே நேரம் லோஜினி குசினியில் சட்டி மூடியைக் கீழே போட்டாள் என்பது வேறு கதை.

"திரும்பவுமோ?" என்றாள்.

"சரியான சூடு."

"நான் ஊத்தி அரை மணித்தியாலம் ஆச்சுது."

பெண்டாட்டிக்கு மணிக்கூடு பார்ப்பதை விட வேறு வேலை இல்லை. கூட்டி அள்ளிவிட்டுப் புல் வெட்டப் போனேன். மெஷினைக் கிளப்பும்போது காதுக்கு மூடி போட்டுக்கொண்டேன். எல்லோரும் போடுவதுதான்.

11 யூன், செவ்வாய்

மூன்று நாளாக அட்டவணைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சட்டப்படி எல்க்குக்கு ஒன்பது கிராமுக்குக் குறைந்த சன்னம் (ரவையில் இருந்து பறக்கும் துண்டு) கூடாது. ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் என்றால் நூறு மீற்றரில் 2700 யூல் சக்தி இருக்க வேண்டும். இங்கே பழைய ஆட்கள் எல்லோரும் வைத்திருக்கும் ஆறரை மில்லிமீற்றர் ரவை என் துவக்கின் மகசினுக்கு நீளம் கூட. மிஞ்சியது இரண்டு. ஒன்று முந்நூற்றெட்டு. குழுவில் பாதிப்பேரிடம் உண்டு, மாட்டையே விழுத்தும், நன்றாக உதைக்கும். மற்றது 7மி.மீ-08. அதே பித்தளைக் கோதுதான், வாயை மட்டும் ஒடுக்கியிருக்கிறார்கள். உதைப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒன்பது கிராம் செப்புச் சன்னம் போட்டால் 2800 யூல் வருகிறது. சட்டத்துக்கு மேலே வெறும் நூறு.

போன இலையுதிர்காலம் பழைய துவக்கை இடது தோளில் வைத்துச் சுட்டுப் பார்த்தபோது ஐந்தில் நாலு தப்பியது. உதைப்பு அதிகம். தோள் பழகவில்லை. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

லோஜினி எட்டிப் பார்த்தாள். "சோதினைக்குப் படிக்கிறியளோ?"

"இதில பிழைச்சா ஒரு மிருகம் வதைபடும். சும்மா விளையாட்டில்லை."

"அப்ப சுடாமல் விடுங்கோவன்" என்றுவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு எல்லாம் லேசு.

15 யூன், சனி

ஹால்வாரோடு சுடுதளத்துக்குப் போனேன். இரண்டு வகையிலும் அவனிடம் ஒவ்வொரு துவக்கு இருக்கிறது. ரவைகளை அவனே போட்டுத் தந்தான், என் கைக்குக் கஷ்டம் என்று. நல்ல மனுசன் என்று நினைத்தேன்.

முதலில் முந்நூற்றெட்டு. இரண்டு வெடி வைத்தேன். மூன்றாவது அழுத்தியபோது 'டிக்' என்றது, வெடிக்கவில்லை. குழல் மட்டும் கீழே போய் மண்ணைப் பார்த்தது. நான்தான் குழலைக் கீழே அமுக்கியிருக்கிறேன். ஹால்வார் அந்த ரவையை எடுத்துக் காட்டினான். மருந்தில்லாத ரவை. நடுவில் தெரியாமல் ஒன்றைச் செருகியிருக்கிறான்.

பிறகு 7மி.மீ-08. அதிலும் அவன் அதே வேலை பார்ப்பான் என்று தெரியும், எத்தனையாவது என்றுதான் தெரியாது. நாலாவதில் 'டிக்'. திரும்பவும் குழல் கீழே போனது.

"உன்ர கண்ணும் மூடுது" என்றான் ஹால்வார். "வெடிக்க முந்தியே. இது தோள் இல்லை, தர்மா. சத்தம். எந்த ரவை போட்டாலும் இது இருக்கும்."

"உதைப்புக் குறைஞ்சா சரிவரும்."

"இந்த டிக்குக்கு உதைப்பே இல்லையே."

அவன் கோதுகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னான்: "பயந்த கைக்கு அரைத் தானியங்கி நல்லதில்லை. போல்ட் துவக்கெண்டா நடுவில ஒரு மூச்சு விட நேரம் இருக்கு. இது உனக்காக நிக்காது. இந்த வருசம் நாயோட நட. ட்ரூம்ஸோ ஆஸ்பத்திரியில இதுக்கெண்டே ஆக்கள் இருக்கினம், போய்க் கதை. குழல் ஓடிப்போகாது."

நாயோடு நடக்கட்டாம். பன்னிரண்டு வருடம் நடந்தவனுக்குச் சொல்கிறான். கள்ளத்தனமாக ரவை செருகிப் பரீட்சை வைக்க இவன் என்ன வாத்தியாரா? மானம் போனது, அதை ஏன் மறைப்பான்.

16 யூன், ஞாயிறு

மழை. எழுத ஒன்றும் இல்லை.

19 யூன், புதன்

7மி.மீ-08 என்று சொல்லிவிட்டேன். குழல் ஓகஸ்டில் வரும்.

"தூர்கெய்ருக்குச் சொல்லாதை" என்று கேட்டேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"நான் அவன்ர குழுவில இல்லை. நான் துவக்குச் செய்யிறவன், அவ்வளவுதான்" என்றான் ஹால்வார். "நீதான் சொல்லவேணும்."

சொல்லத் தேவை வராது. சரியான ரவை கிடைத்துவிட்டது.

24 ஓகஸ்ட், சனி

வருடாந்தச் சுடுதல் பரீட்சை. நூறு மீற்றரில் முப்பது சென்ரிமீற்றர் வட்டம், ஐந்து வெடியும் உள்ளே விழ வேண்டும். எத்தனை தரமும் முயலலாம். காதுக்குள் பஞ்சு, அதற்கு மேல் மூடி. ஐந்தாம் தரம் ஐந்தும் உள்ளே. ஒன்று கோட்டில் முட்டிக்கொண்டு நின்றது. கோட்டில் முட்டினாலும் உள்ளேதான்.

துவக்கு அருமையான துவக்கு. ஹால்வாரின் கையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தூர்கெய்ர் வாங்கித் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏழாம் நிலை உன்னைத்தான் பாத்துக்கொண்டு நிக்குது" என்றான். வீடு வரும்வரை வாயெல்லாம் பல்.

28 செப்டெம்பர், சனி

என் பெயரில் ஒரு கன்று! ஒரே வெடி.

பத்து மணி இருபதுக்கு நாய் குரைப்பு கிட்ட வந்தது. தாயும் கன்றும் பற்றைக்குள்ளால் வெளியே வந்தன. அறுபது மீற்றர். எங்கள் குழுவில் கன்றுக்குத்தான் முதல் வெடி. தாய் முதலில் விழுந்தால் கன்று அனாதையாகக் குளிரில் செத்துப்போகும். கன்று முன்னால் வந்தது, தாய் அதற்குப் பின்னால் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. நெஞ்சில் வைத்தேன். கன்று நாலு அடி நடந்து விழுந்தது.

வயலெஸ்ஸில் தூர்கெய்ர் கூப்பிட்டான். "தர்மா, ரெண்டு கேட்டுது."

"ஒண்டுதான். மலை திருப்பிச் சொன்னது. கண்டுக்குட்டி விழுந்திட்டுது."

"தாய்?"

"பேர்ச் மரங்களுக்குள்ளால ஏறிப் போட்டுது."

"நல்லது. வாழ்த்துக்கள்."

சுட்டவன்தான் வயிற்றைத் திறக்க வேண்டும், அது இங்கே வழக்கம். இடது கையால் திறந்தேன், யாரையும் தொட விடவில்லை. பதினாலு பேரும் கைகொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து துவக்கைத் துடைத்தேன். காலையில் போட்டது மூன்று ரவை. மிஞ்சிய ஒன்றைப் பெட்டியில் வைத்தேன். நல்ல நாள்.

29 செப்டெம்பர், ஞாயிறு

நித்திரை வரவில்லை, இறைச்சி வெட்டிய களைப்பு.

இரண்டாவது வெடி நான் வைத்தது அல்ல. முதலாவது வெடித்தபோது கை திடுக்கிட்டது, விரல் தானாக இன்னொரு தரம் அழுத்திவிட்டது. கண் மூடியிருந்ததால் குழல் எங்கே பார்த்தது என்று தெரியாது. திறந்தபோது தாய் தலையை ஒரு உதறு உதறிவிட்டு மரங்களுக்குள் போனது. சத்தத்துக்கு உதறியிருக்கும். சன்னம் மரத்தில் பட்டிருக்கும். காட்டில் மரத்துக்கா பஞ்சம்?

30 செப்டெம்பர், திங்கள்

இதையும் எழுதி வைக்கிறேன். வைத்த வெடி ஒவ்வொன்றும் பட்டது என்றுதான் கணக்கு, படவில்லை என்று நாய் காட்டும்வரை. அது சட்டம். நான் இரண்டு என்று சொல்லியிருந்தால் வேட்டை அந்த இடத்திலேயே நின்றிருக்கும். தாயின் தடத்தில் நாயை விட்டு முழு நாளும் தேடியிருப்பார்கள். ஏன் சுட்டாய் என்று கேட்பார்கள். தானாக வெடித்தது என்றால் துவக்கு பிழை என்பார்கள், துவக்கு பிழை இல்லை என்று ஹால்வார் சொல்லுவான். மிச்சத்தையும் சொல்லுவான். அதன் பிறகு ஏழாம் நிலை ஏது?

மரத்தில்தான் பட்டிருக்கும்.

2 ஒக்டோபர், புதன்

மாரித் கூப்பிட்டாள். ஆடு வளர்ப்பவள், எங்களுக்கு அடுத்த வீடு, நடுவில் ஒரு கிலோமீற்றர் வயல். அவளுடைய புல்லுக் கட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு எல்க் பசு நிற்கிறதாம். சாப்பிடுவதில்லையாம், வாயிலிருந்து கயிறு மாதிரி எச்சில் தொங்குகிறதாம்.

"ஏதும் வருத்தமா இருக்கும்" என்றேன்.

"கீழ்த்தாடை ஒரு பக்கமா இருக்குது, தர்மா."

"தூரத்திலயிருந்து பாத்தா அப்பிடித்தான் தெரியும்."

நான் போய்ப் பார்ப்பதற்குள் அது போய்விட்டது. போக ஒரு மணித்தியாலம் பிடித்தது. சப்பாத்துக் கயிறு அறுந்துபோயிருந்தது.

3 ஒக்டோபர், வியாழன்

தூர்கெய்ர் குழுவுக்கு எழுதியிருக்கிறான்: "மாரித்தின் வயலில் தாடை உடைந்த பசு. யாராவது சுட்டுத் தவறவிட்டீர்களா? கோபப்பட மாட்டேன். தெரிந்தால் எங்கே தேடுவது என்று தெரியும்."

பதின்மூன்று பேரும் இல்லை என்று எழுதினார்கள். கடைசியாக நானும் இல்லை என்று எழுதினேன். மற்றக் குழுக்களும் இருக்கின்றன. இந்த மலை எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை.

5 ஒக்டோபர், சனி

எட்டுப் பேர் தேடினோம். நானும் போனேன், போகாமல் எப்படி இருப்பது? தூர்கெய்ரும் நானும் ஆற்றங்கரைப் பக்கம். நாய் இரண்டு இடத்தில் நின்று மணந்து பார்த்தது, பிறகு ஆற்றில் தடம் தொலைந்தது. முழங்கால் அளவு சேறு. தன் கோப்பியில் பாதியை எனக்கு ஊற்றித் தந்தான்.

"வாயால ஒண்டும் எடுக்கேலாது, ஆனா உயிர் இருக்கும்" என்றான். "அதுதான் கொடுமை. மூண்டு கிழமை கூட இழுக்கும்."

ஒரு கல்லின் மேல் காய்ந்த இரத்தம் கிடந்தது. நான்தான் முதலில் கண்டேன். காலால் பாசியைத் தள்ளி மூடினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போதும் யோசிக்கிறேன். அது என் கால் என்று நம்பவே முடியவில்லை.

6 ஒக்டோபர், ஞாயிறு

லோஜினி கன்று இறைச்சியைத் தூள் போட்டு வறுத்திருந்தாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. பல்லுக் கொதி என்றேன்.

"எந்தப் பல்லு?"

"கீழ்ப்பல்லு."

சாப்பாட்டுக் கோப்பையை எடுத்து அப்பால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "அந்த மாடு உங்கட வெடியோ?"

"எந்த மாடு?"

"மாரித் சொன்ன மாடு."

"விசர்க்கதை கதையாதையும்" என்று கத்தினேன். வீட்டில் நான் கத்துவதில்லை. அவள் பயப்படவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அது இன்னும் மோசம்.

"ரெண்டு வருசமா நான் இந்த வீட்டில கதவைக்கூட மெல்லமாத்தான் சாத்திறன்" என்றாள். "உங்களுக்கு என்ன நடக்குதெண்டு எனக்குத் தெரியாதெண்டே நினைக்கிறியள்?"

7 ஒக்டோபர், திங்கள்

வேலை. பல்லு வைத்தியரிடம் போகவில்லை.

9 ஒக்டோபர், புதன்

காலை எட்டு மணிக்கு மாரித்தின் போன். பசு அவளுடைய ஓடைக்குள் நிற்கிறது, ஏற முடியவில்லை, உடனே வா, துவக்கோடு வா. கிட்ட இருக்கிற வீடு என்னுடையதுதான். போனேன்.

தண்ணீர் அதற்கு முழங்கால் வரை. கீழ்த்தாடை பக்கவாட்டில் தொங்கியது. நாக்கு கறுத்து வீங்கி வெளியே கிடந்தது. இடுப்பெலும்பு தோலைத் தூக்கிக்கொண்டு நின்றது. என்னைக் கண்டும் ஓடவில்லை. முப்பது மீற்றர்கூட இல்லை. தலையைத் தண்ணீருக்குள் விட்டு எடுத்தது. உள்ளே போனதை விட வெளியே வழிந்தது அதிகம்.

துவக்கைத் தூக்கினேன். ரவைக்கு ஒரு குறையும் இல்லை. நூறு மீற்றரிலேயே 2800 யூல், முப்பதில் இன்னும் கூட. விசையில் விரல் பட்டதும் கண் மூடிக்கொண்டது. இறக்கினேன். திரும்பவும் தூக்கினேன். மூன்றாம் தரம் குழல் நடுங்குவதை மாரித்தும் கண்டுவிட்டாள்.

"ஏன் நிக்கிறாய்? சுடு!" என்று அழுதாள்.

இந்தக் கையை நம்பி இன்னொரு வெடி வைத்தால் அது எங்கே போகும்? மூக்குக்கா, வயிற்றுக்கா? தூர்கெய்ரைக் கூப்பிட்டேன். துவக்கு இறுகிவிட்டது, நீ வா என்று சொல்ல நினைத்தேன். அந்தப் பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, அவன் நம்பியும் இருப்பான். ஆனால் பசு எங்களைப் பார்த்துத் திரும்பிக் கத்தப் பார்த்தது, தாடை உடைந்ததால் சத்தம் வரவில்லை, காற்று மட்டும் வந்தது.

"அது என்ர வெடி" என்றேன் போனில். "அண்டைக்கு ரெண்டு வெடிதான். நீ கேட்டது சரி. எனக்குச் சுட ஏலாது, தூர்கெய்ர். மெஷினுக்குப் பிறகு ஏலாது. ரவையில பிழையில்லை, துவக்கில பிழையில்லை. வா."

"வாறன்" என்றான்.

வந்து சேர நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் நான் ஓடைக்கரையில் நின்றேன். மாரித் வீட்டுக்குள் போய்விட்டாள். எனக்குப் போக மனம் வரவில்லை. பசுவும் நானும் மட்டும் நின்றோம். இருந்தாற்போல அழுகை வந்தது. இரண்டு வருடமாக வராத அழுகை, கை போனபோதுகூட வராதது.

தூர்கெய்ர் நகரசபைக்கு ஏற்கெனவே அறிவித்துவிட்டு வந்திருந்தான். தன் துவக்கை எடுத்தான். ஒரு வெடி. அது காலை மடித்துத் தண்ணீருக்குள் உட்கார்ந்தது. நான் அப்போதும் கண்ணை மூடித்தான் இருந்தேன்.

கயிறு கட்டி இருவரும் கரைக்கு இழுத்தோம். அவன் இடுப்பிலிருந்த கத்தியை உருவி, பிடி என் பக்கமாக நீட்டினான். நான் வாங்கினேன். வயிற்றைத் திறந்தால் உள்ளே தண்ணீரும் கொஞ்சம் பழைய சக்கையும் மட்டுந்தான். பால்மடி வற்றி ஒட்டிப்போயிருந்தது. தூர்கெய்ர் பின்னங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். இறைச்சி யாருக்கும் உதவாது, புதைக்க வேண்டும்.

"எந்த நாள்?" என்று கேட்டான்.

"சனிக்கிழமை."

"போன சனியோ?"

"இல்லை. அதுக்கு முதல் சனி. கண்டுக்குட்டி விழுந்த அண்டைக்கு."

கணக்குப் பார்த்தான். உதடு அசைவது தெரிந்தது.

"பதினொரு நாள்" என்றான்.

காலை விட்டுவிட்டுக் கையை ஓடையில் கழுவினான். நிலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு அடி போனவன் திரும்பி நின்றான். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். அவன் முகத்தில் கோபம் இல்லை, ஏதோ கணக்குப் பிழைத்தவன் மாதிரி என்னைப் பார்த்தான்.

"போன சனி நீயும் என்னோட தேடினாய்" என்றான்.

ஓம் என்றேன்.